நடக்கவும் விடாத, படகும் ஓடாத ஏரி

ஹொங்கசாரி தீவு,
ஏப்ரல் 26, செவ்வாய்

அன்பு மகள் மிர்வாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், உன் அப்பாவும் சுகமாக இருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே வரியில் படித்ததும் நீ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்திருப்பாய் என்று தெரியும், ஐந்து வருடமாக அவர் சுகத்தை அவரிடமும் என் சுகத்தை என்னிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் உனக்குப் பழக்கம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும், அங்கே இப்போது வெயில் தணிந்து இலையுதிர் காலம் ஆரம்பித்திருக்கும், ஆனாலும் குழந்தையைத் தொப்பி இல்லாமல் கடற்கரைக்குக் கூட்டிப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது நான் தீவில் தனியாக இருப்பதாகவும் எல்லாம் நன்றாக இருப்பதாகவும் சொன்னேன் இல்லையா, அப்போது உன் அப்பா மூன்று அடி தள்ளி உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். இந்த மரவீட்டில் இருப்பது ஒரே அறை, அவர் காதோ நன்றாகவே கேட்கிறது, அதனால் உன்னிடம் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல வழியில்லை. அதுதான் இத்தனை வருடம் கழித்துப் பேனாவை எடுத்தேன், அடுத்தவர் கடிதத்தை எட்டிப் பார்க்கிற புத்தி அவருக்கு ஒருநாளும் கிடையாது, அந்த ஒரு நல்ல குணத்தை நான் எப்போதும் மறுத்ததில்லை.

நாங்கள் இங்கே பத்து நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். எப்படி என்று சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள், ஆனால் ஆரம்பம் உன்னால்தான். விவாகரத்தின்போது இந்தத் தீவு வீட்டை விற்க இரண்டு பேருக்கும் மனசு வராததால் நீதான் நடுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினாய், ஒற்றைப்படை வாரம் அப்பாவுக்கு, இரட்டைப்படை வாரம் அம்மாவுக்கு என்று. நாலு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் போன வருடத்துக்கு நாட்காட்டியில் ஐம்பத்து மூன்று வாரம், அதை நீயும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ஐம்பத்து மூன்று ஒற்றைப்படை, அது அவர் வாரம், அதற்கு அடுத்தது புது வருடத்தின் முதல் வாரம், அதுவும் ஒற்றைப்படை. ஒருவர் மாற்றி ஒருவர் என்றால் அந்த முதல் வாரம் எனக்குத்தானே வர வேண்டும், அதனால் இந்த வருடம் முழுக்க ஒற்றைப்படை எனக்கு என்று நான் கணக்குப் போட்டேன். காகிதத்தில் ஒற்றைப்படை என்றுதான் இருக்கிறது, காகிதத்தில் இருப்பதுதான் சட்டம் என்று அவர் இருந்தார். குளிர்காலத்தில் யாரும் இந்தப் பக்கம் வராததால் இந்தச் சிக்கல் வெளியே தெரியவே இல்லை. பதினைந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை விடியற்காலை, உறைந்த ஏரியின் பனி கெட்டியாக இருக்கும்போதே, நான் புதுக் கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு சறுக்குக் கட்டையில் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்து உன் அப்பா உள்ளே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, இது ஒற்றை வாரம் என்றார். போன வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று எண்ணிப் பார்க்கத் தெரியாதா என்று நான் கேட்டேன்.

அன்றே யாராவது ஒருவர் திரும்பிப் போயிருக்கலாம், அரை மணி நேரத்தில் அக்கரை. ஆனால் போகிறவர் தோற்றவர் ஆகிவிடுவார் இல்லையா. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவர் ஓரம் வெயில் காய்ந்துகொண்டு, அடுத்தவர் எப்போது மூட்டை கட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் என்னவோ அருமையான வெயில். தெற்குச் சுவரில் சாய்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துத் தின்றேன், நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது தோலைப் பனியில் எறிந்து எண்ணுவாயே, அந்த இடம்தான். சனிக்கிழமை தெற்குக் காற்று அடித்தது, அன்று மத்தியானம் தொடங்கிய மழை மறுநாள் சாயந்தரம்தான் விட்டது. இந்த வருடம் குளிர்காலமே நோஞ்சான், பனி மெலிந்துதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பார்த்தால் கரையோரம் கறுத்துவிட்டது, நடுவில் சல்லடை. இனி கால் வைத்தால் உள்ளே போகும், படகு விட்டால் பனியில் முட்டி நிற்கும், உடைந்து ஒதுங்குகிற வரைக்கும் காத்திருப்பதுதான் கதி. உயிர் போகிற காரியம் என்றால் மீட்புக்காரர்கள் பனி மேலும் ஓடுகிற, காற்றாடி வைத்த படகில் வருவார்கள்தான், ஆனால் முன்னாள் கணவரோடு ஒரே அறையில் இருக்க முடியவில்லை என்று அவர்களைக் கூப்பிட முடியுமா?

மிர்வா, இந்த ஒரு அறையில் கதவிலிருந்து ஜன்னலுக்கு ஏழு எட்டு. அலமாரியில் மேல்தட்டு என்னுடையது, கீழ்த்தட்டு அவருடையது, அது விவாகரத்திலிருந்தே அப்படித்தான். கறுப்பு ரொட்டி என்னிடம் இருந்தது, காப்பித்தூள் அவரிடம் இருந்தது. பேச்சு வார்த்தை கிடையாது, துண்டுச் சீட்டுதான். சவுனாக் குளியலறை அடுப்பை நான் மூட்டுகிறேன், ஆறு மணிக்கு மேல் குளிக்க உன் முறை என்று நான் எழுதி அவர் கோப்பைக்கு அடியில் வைப்பேன், அவர் பதில் எழுதமாட்டார், திமிர் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு நாலு தடவை தீவைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு நிமிடம், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஏரி, அதே சாம்பல் நிறம். நாற்பது வருடம் பல் மருத்துவமனையில் அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டு நின்றவள் நான், போன செப்டம்பரில்தான் ஓய்வு கிடைத்தது. ஜூனில் தோழிகளோடு வடக்கே மலை மேல் எட்டு நாள் நடப்பதாக ஏற்பாடு, அதற்காகத்தான் கூடாரம் வாங்கி, பனியில் ஒரு வாரம் தூங்கிப் பழகலாம் என்று இங்கே வந்தேன். வந்த இடத்தில், காசு கொடுத்துப் பிரிந்த மனிதருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒரு நாள் வடக்கு முனையில் பாறை மேல் நின்று வாய்விட்டு அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமைதான் அது நடந்தது. காலையில் தண்ணீர் எடுக்கப் போனபோது தெற்குப் பக்கம் பனி இற்றுப்போய்க் கரையை விட்டிருப்பதைப் பார்த்தேன். வந்ததும், தெற்குப் பக்கம் கால் வைக்காதே, பனி கரையை விட்டுவிட்டது என்று கொட்டை எழுத்தில் எழுதி அவர் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு விறகு பிளக்கப் போனேன். வாயால் சொன்னால் என்ன குறைந்திருக்கும்? அவர் எழுந்து காப்பி குடித்தார், சீட்டின் மேலேயே கோப்பையைத் திரும்ப வைத்தார், பனியில் துளை போடும் கருவியையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே தெற்குக் கரைக்குப் போனார். நான் கோடாலியோடு நிமிர்ந்து பார்த்தபோது அவர் கடைசிப் பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கத்தினேன். ஒரு காலை வைத்துவிட்டார், மார்பு வரை உள்ளே போய்விட்டார். கழுத்தில் தொங்குகிற ஆணிப் பிடிகளைப் பனியில் குத்தி ஏறப் பார்த்தார், குத்திய இடமெல்லாம் நொறுங்கியது. சவுனாவின் ஏணியைக் கொண்டுபோய்ப் பாறையிலிருந்து நீட்டினேன். அவர் முகத்துக்கு நேரே ஏணி கிடக்கிறது, கை மட்டும் பக்கத்தில் துழாவுகிறது. தௌனோ, உன் முன்னாடிதான் இருக்கு என்று நான் கத்துகிறேன், அவர் தலையைத் திருப்பி வேறு எங்கோ பார்க்கிறார், அப்படிப் பார்த்த பிறகுதான் கை ஏணியில் பட்டது. எப்படி இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது, இன்னும் தோள்பட்டை வலிக்கிறது.

சவுனாவில் அடுப்பு மூட்டி, கம்பளியைச் சுற்றி உட்கார வைத்து, பல் அடித்துக்கொள்வது நிற்கிற வரைக்கும் திட்டினேன். எழுதித்தானே வைத்தேன், படிப்பதற்குக்கூட கௌரவம் பார்ப்பாயா என்று கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எழுதியிருந்தியா? எனக்குத் தெரியல ஹில்க்கா. நடுவுல எதுவுமே தெரியல. ரெண்டு வருஷமாச்சு."

கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, கண்ணு. ஓரம் தெரிகிறது, நேரே பார்க்கிற இடத்தில் புகை போல ஒரு வட்டம், அது பெரிதாகிக்கொண்டே போகிறதாம், இந்த வகைக்கு மருந்தும் ஊசியும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். முப்பத்தைந்து வருடம் காட்டில் நின்ற இடத்திலிருந்தே மரத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்து சொன்ன மனிதர். கார் பழசாகிவிட்டது என்று போன வருடம் விற்றாரே, பழசானது கார் இல்லை. ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி மாற்றும்போது இரண்டு வருடமாக அவர் என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு பேசுவார், என் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் வேலியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன். என்னைப் பார்க்கத்தான் அப்படித் திரும்பினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பனியில் தனியாக எப்படி வந்து சேர்ந்தாய் என்று கேட்டேன். என் சறுக்குத் தடம் இருந்ததாம், பள்ளத்தில் கட்டையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாராம். நான் முன்னாலேயே வந்திருக்காவிட்டால் கிழக்கே நீரோட்டம் உள்ள பக்கம் போயிருப்பார், அங்கே பனி எப்போதுமே மெல்லிசு.

அன்று சாயந்தரம் நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக ஆரம்பித்தார். "மிர்வாகிட்ட சொல்லாத. சொன்னா அடுத்த விமானத்துல வந்து என்னை ஊர்ல நாலாவது மாடி வீட்டுல உக்கார வச்சிருவா. இந்தத் தீவுல எனக்குக் கல்லு கல்லாத் தெரியும். இன்னும் ஒரு சுத்து, ஹில்க்கா. வசந்தம், கோடை, காளான் காலம், முதல் பனி. அது வரைக்கும் இருக்கிற ஓரத்த வச்சு ஓட்டிருவேன்." நான் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, சீவிக்கொண்டே இருந்தேன். நம் வீட்டில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம், அது உனக்கும் தெரியும். அவர் நிம்மதியாகக் கீழ்த்தட்டைத் திறந்து காப்பித்தூளை எடுத்து என் மேல்தட்டில் வைத்தார். ஏரி என்னைப் பிடித்து வைத்தது பத்து நாள், இந்த மனிதர் ஒரு டப்பாவை மேல்தட்டில் வைத்து என்னை எத்தனை நாளைக்குப் பிடித்து வைத்தார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, சனி

நாலு நாளாக எழுதவில்லை, எழுதாததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நன்றாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பிர்ச் மரத்தில் துளை போட்டு வாளி கட்டினோம், சாறு சொட்டுகிற சத்தத்தை வைத்தே வாளி எவ்வளவு நிறைந்தது என்று சொல்கிறார், போய்ப் பார்த்தால் சரியாக இருக்கிறது. வியாழக்கிழமை நாரைகள் சத்தம் போட்டுக்கொண்டு போயின, நான் வானத்தில் தேடிக்கொண்டிருக்கும்போதே வடக்கே பார், காற்று அங்கேதான் தள்ளும் என்றார், அங்கேதான் இருந்தன. கிழக்கே தண்ணீர் திறந்த இடத்தில் அன்னங்கள் இறங்கின. நேரே பார்த்தால் ஏரி காலி, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது என்று சின்னப் பையனைப் போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை என்று கேட்டார், ஏழு என்றேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, எல்லாம் அவருக்கே தெரியும், அதனால்தானே விட்டுவிட்டுப் போனேன். ஜூலையில் சதுப்பில் மஞ்சள் பெர்ரி பறிக்கிற இடத்தை உன்னிடமும் என்னிடமும் ஒளித்து வைத்தாரே, பெற்ற மகளுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள் என்று பெருமை வேறு. நேற்று அந்த இடத்தைச் சொல்லிவிட்டார், எந்தப் பாறையில் இருந்து எத்தனை எட்டு என்று. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி அவராகப் போக முடியாது என்பதால்தானே சொல்கிறார்.

ஆனால் நீ கனவு காணாதே, நாங்கள் திரும்பச் சேர்ந்துவிடவில்லை. அவர் இன்னும் ஈரக் காலுறையை ரொட்டிக்கு மேலேதான் காயப்போடுகிறார். ஒற்றை வாரம் யாருக்கு என்று இன்னும் சண்டைதான். கூடாரத்தை வடக்கு முனையில் அடித்துவிட்டேன், தூங்குவது அங்கே, எனக்கென்று ஒரு ஜிப் வைத்த கதவு இருக்கிறது, அதை இழுத்து மூடும்போது கிடைக்கிற சுகத்தை உன்னிடம் விவரிக்க முடியாது. படுத்துக்கொண்டு கோபப்படுகிறேன். அவர் மேல், உன் மேல், என் மேல். நீ பூமிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது உன் குற்றமில்லை, நான்தான் போ என்றேன், இருந்தாலும் கோபம் வருகிறது. தோழிகளுக்குச் சொல்ல மூன்று நாளாகப் போனை எடுக்கிறேன், திரும்ப வைக்கிறேன். ஒருத்தி வழக்கு, காகிதம், கையெழுத்து எல்லாம் முடித்து வெளியே வந்தாள், அப்புறம் யாரும் கையைப் பிடிக்காமலே தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள் என்றால் அவளை என்னவென்று சொல்வது?

இன்று காலை அவரிடம் சொல்லிவிட்டேன், மிர்வாவுக்கு எழுதுகிறேன், கண்ணைப் பற்றியும் எழுதுகிறேன், நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது உன் தப்பு என்று. அவர் மீன் வலையைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "எழுது. ஆனா கொட்டை எழுத்துல எழுதாத, அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு. ஜூன் பத்தாம் தேதிக்குள் என்னோடு கண் மருத்துவமனைக்கு வர வேண்டும், தெற்குக் கரைக்குத் தனியாகப் போகக் கூடாது, சீட்டு வேண்டாம், வாயால் பேச வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டேன். மூன்றாவதற்குத்தான் முகத்தைச் சுளித்தார்.

உனக்கு நான் சொல்வது இது. விமானத்துக்கு ஓடாதே. அவரை நாலாவது மாடியில் உட்கார வைத்தால் பத்திரமாக இருப்பார், பத்திரமாக மட்டும்தான் இருப்பார். இங்கே கதவிலிருந்து சவுனாவுக்கு, சவுனாவிலிருந்து கிணற்றுக்குக் கயிறு கட்டியிருக்கிறேன், அவர் கயிற்றைத் தொடாமலே நடக்கிறார், வேண்டுமென்றேதான். ஆனால் தனியாக ஒரு வாரம்கூட இருக்கக் கூடாது, யாராவது ஒருவர் அவரோடு இருக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று நீ போனில் கேட்காதே, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கண்ணைப் பற்றியும் அவராகச் சொல்லும் வரைக்கும் நீயாக எடுக்காதே, நேரமாகும், ஆனால் சொல்லுவார்.

மே 5, வியாழன்

நேற்று முழுக்கக் காற்று. பனி முழுவதும் கிழக்கே நகர்ந்து, கண்ணாடி கொட்டுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு கரையில் குவிந்தது. உன் அப்பா படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று காலை ஏரி நீலமாகக் கிடக்கிறது. அக்கரையில் குடியிருக்கும் பெந்தி எங்களைக் கூட்டிப் போகப் படகோடு வந்துவிட்டார், ரொட்டியும் காப்பித்தூளும் கொண்டுவந்தார், இரண்டு பேரையும் உயிரோடு பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன். உன் அப்பா வரவில்லை என்று சொல்லிவிட்டார். நான் கடிதத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பதினெட்டு நாளாக இந்தப் படகைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது கரையில் நிற்கிறது, ஏரி திறந்து கிடக்கிறது, யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டுக்கொண்டு ஏறியிருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டு, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தைக்குத் தொப்பி. என் தோழி கெர்த்துவுக்கு நீயே போன் செய்து, அம்மா ஜூனில் மலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடு, என்னால் முடியவில்லை. பெந்தி வெளியிலிருந்து என் பை எங்கே என்று கேட்கிறார். கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஹில்க்கா